சாதலும் சாகவிடுதலும்: பச்சிளங்குழவியின் இறுதி பற்றிய இரு நூல்களில் வினைமுதல்

பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்த பாட்டியலார் 3-ஆம் திங்கள் முதல் 21-ஆம் திங்கள் ஈறாக உள்ள காலத்தையே அதன் எல்லையாகக் கொண்டனர். முதல் இரு திங்களை விடுத்தமைக்கு அவர் காரணம் கூறினாரல்லர். காப்புப் பருவம் முன்னிற்றலை நோக்குமிடத்து, உயிர் நிலைக்குமோ நிலையாதோ என்னும் ஐயப்பாடு ஒருவாறு நீங்கிய பின்னரே குழவி பாட்டுடைத் தலைமை எய்தியது போலும் என்று கருத இடனுண்டு. அவர் பாடாது விட்ட அந்நாள்களே இருபதாம் நூற்றாண்டில் இரு நூல்களுக்குப் பொருளாயின. ஒன்று ஜப்பானிய நாவல். மற்றொன்று அமெரிக்கப் பெற்றோர் இருவர் எழுதிய நாட்குறிப்பு. பிறந்த மகவு பிழைத்தற்கு அரிதென்று மருத்துவர் கூறியவிடத்து, அதனை வாழவைக்க முயல்வதா, இறக்கவிடுவதா, அதனை முடிவு செய்வார் யார் என்னும் வினாவே இரண்டற்கும் உயிர்நிலை. மருத்துவ அறநூலார் இவ்வினாவை ஆராய்ந்து பல ஏடுகள் எழுதியுள்ளனர். மொழிநூலும் இலக்கியமும் பயில்வார்க்கும் இதன்கண் ஆராய்தற்குரிய பகுதி ஒன்றுண்டு என்பதே இக்கட்டுரையில் யாம் காட்ட விழைவது.

அப்பகுதி வினைச்சொற்களைப் பற்றியது. ஒரு தொழில் நிகழ்தற்கு வேண்டும் முதனிலைகளைத் தொல்காப்பியர் எட்டென வேற்றுமை மயங்கியலில் எண்ணுவர். அவற்றுள் செய்வது, அதாவது வினைமுதல், தலையாயது. ‘குழவி செத்தது’ என்னுமிடத்துக் குழவியே வினைமுதல். வேறு எவரும் வினவப்படுவதில்லை. ‘கொன்றனர்’ என்னின் வினைமுதல் வேறு, குழவி செயப்படுபொருளாகிவிடும். இவ்விரண்டற்கும் இடைப்பட்டது ‘சாகவிட்டனர்’ என்பது. ‘விடு’ என்பது இங்குத் துணைவினையாய் நின்று, தடுக்கத் தக்கார் தடாது நின்றனர் என்னும் பொருள் தருகின்றது. தடுக்கும் ஆற்றல் இல்லாதானை ‘விட்டான்’ என்று எவரும் கூறார் என்பது கருதத்தக்கது.

இவற்றின் வேறாக நம் மக்கள் வழக்கில் நான்காவது ஒன்றுண்டு. மகவை இழந்த தாய், ‘பிள்ளையைச் சாகக் கொடுத்துவிட்டேன்’ என்கிறாள். கொடுத்தவள் அவளே, எனினும் அவள்மீது குற்றம் சாற்றுவார் ஒருவரும் இலர். கொடுத்தல் என்னும் வினை கொள்வோன் ஒருவனை அவாவி நிற்கும். நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கவேண்டிய அவன் இத்தொடரில் யாண்டும் வருவதில்லை. கொடுத்தவள் தெரிகிறாள், கொண்டவன் தெரியான். இத்தொடரின் அருமை அயல்நாட்டு நூல்கள் இரண்டையும் பயின்ற பின்னரே எமக்குப் புலனாயிற்று.

நூல்களுட் புகுமுன் மருத்துவ வரலாற்றில் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளல் நலம். 1963 ஆகஸ்டு 7-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்குக் குறைமாதத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. பேட்ரிக் எனப் பெயரிடப்பட்ட அம்மகவு நுரையீரல் விரிதற்கு இயலாத நோயால் இரண்டே நாளில், 9-ஆம் நாள், இறந்தது. ஒரு வல்லரசின் தலைவன் மகனுக்கும் அந்நாளில் தக்க மூச்சுக் கருவி இல்லை. ஆதலின் அங்கு ‘இறந்தது’ என்னும் வினையே பொருந்தும். பின் வந்த ஆண்டுகளில் பச்சிளங்குழவிக்கு ஏற்ற செயற்கைச் சுவாசக் கருவிகள் பெருகின. 1980-இல் ஜப்பானிய மருத்துவர் தெத்சுரோ புஜிவாரா, நுரையீரற் பரப்பில் இயல்பாகச் சுரக்கவேண்டிய பொருளைப் புறத்தினின்று செலுத்திக் குறைமாதக் குழவியரைக் காக்கலாம் என்று காட்டினார். தடுக்கும் ஆற்றல் கைவரக் கைவர, ‘இறந்தது’ என்று சொல்லத்தக்க இடங்கள் அருகின. ‘சாகவிட்டனர்’ என்று சொல்லத்தக்க இடங்கள் பெருகின. கருவி வினைமுதலைத் தோற்றுவித்தது என்க.

கென்சாபுரோ ஓயே எழுதிய நாவல் இம்மாற்றத்தின் வாயிலில் நிற்பது. 1964-இல் வெளிவந்த அதன் ஜப்பானியப் பெயர் ‘கோஜின்தெகி ந தைக்கென்’. தனியொருவன் பட்டறிவு என்பது பொருள். மூலத்தை யாம் நேரே பயின்றிலேம். ஜான் நேதன் 1968-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பே எமக்குக் கருவி. ஓயேயின் தலைமகன் ஹிகாரி 1963 ஜூன் திங்களில் தலையில் பெரும் புடைப்புடன் பிறந்தவர்; அறுவை மருத்துவத்தால் பிழைத்து, பின்னாளில் இசையமைப்பாளராக அறியப்பெற்றவர். 1994-இல் நோபல் பரிசு பெற்று 2023-இல் மறைந்த ஓயே, இம்மகனைச் சுற்றியே தம் எழுத்தின் பெரும்பகுதியை அமைத்தார். எனினும் நாவலை வாழ்க்கைக் குறிப்பாகப் படிப்பது பிழையாம். வாழ்க்கையில் நிகழாத ஒன்றை எண்ணிப் பார்த்தற்கே அது எழுதப்பட்டது.

பறவை என்னும் பட்டப்பெயருடைய 27 வயது இளைஞன் தலைமகன். தேர்வுப் பயிற்சிப் பள்ளியில் ஆங்கில ஆசிரியன். ஆப்பிரிக்காவிற்குச் செல்லும் கனவினன். அந்நாட்டுச் சாலைப் படங்களை வாங்கி வைத்திருப்பவன். மனைவி ஈன்ற மகவின் தலையில் மூளை பிதுங்கி நிற்பதாக மருத்துவர் கூறுகின்றனர். குழவி வேறொரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகின்றது. விரைவில் அது இறந்தொழியும் என்று அவன் காத்திருக்கின்றான். அதுவோ நாள்தோறும் வலுப்பெறுகின்றது. பழைய தோழியாகிய ஹிமிகோவின் இல்லத்தில் அவன் ஒளிந்து கிடக்கின்றான். மாமனார் தந்த மதுவைக் குடித்து மறுநாள் வகுப்பறையில் வாந்தி எடுத்து வேலையையும் இழக்கின்றான். கதை இவ்வளவே. இதனை ஆசிரியர் நடத்தும் முறையே நாம் நோக்கத்தக்கது.

முதற்கண் பெயர்கள். மருத்துவமனைத் தலைவர் குழவியைப் பற்றித் தந்தையிடம் பேசுமிடத்து, கடையிற் சரக்கைக் காட்டுவார் போலும் ஒரு சொல்லை ஆள்கின்றார். தந்தையின் உள்ளத்தில் அது விரைவில் பூதமென்று ஆகின்றது. நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாகக் குழூஉக்குறியைக் கூறுவர். ஒரு தொழிற்குழுவார் தமக்குள் வழங்கும் குறிப்புச் சொல் அது. பொற்கொல்லர் பொன்னை வேறு பெயரால் குறிப்பதனால் எவர்க்கும் பெருங்கேடில்லை. மருத்துவரின் குழூஉக்குறி குழவியின் மேல் விழும்போது நிலை வேறு. அச்சொல்லைக் கேட்கும் தந்தை அதனை நோயின் பெயரென்று கொள்வதில்லை. மகனின் பெயரென்றே கொள்கின்றான். பெயரிட்டவுடன் முடிவும் பாதி செய்யப்பட்டதாகிவிடுகின்றது. சரக்கை ஏற்கலாம், மறுக்கலாம் அன்றோ?

இதற்கு எதிரானதோர் இடமும் நாவலில் உண்டு. தலை முழுதும் கட்டுப்போடப்பட்ட மகவைக் கண்டவுடன், பறவைக்குப் பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரின் நினைவு எழுகின்றது. முதல் உலகப் போரில் தலையிற் காயம்பட்டுக் கட்டுடன் இருந்த கவிஞர் அவர். தன் மகனும் தான் காணாத ஏதோ ஓர் இருண்ட போர்க்களத்தில் தனித்து நின்று புண்பட்டு வந்தவன் என்று எண்ணிய கணத்தில் அவன் கண்ணீர் உகுக்கின்றான். மகவு மாந்தனாவது இவ்விடத்தே.

இவ்விடத்தைப் படிக்குந்தொறும் புறநானூற்று 74-ஆம் பாட்டு எம் நெஞ்சில் எழாமல் இல்லை. சோழனிடம் சிறைப்பட்டு, கேட்டுப் பெற்ற நீரையும் பருகாது உயிர்நீத்த சேரமான் கணைக்காலிரும்பொறையின் பாட்டு அது. இறந்து பிறந்த குழவியையும் உருவமைதி இல்லாத தசைப் பிண்டத்தையும் ஆளல்ல என்று ஒதுக்காது வாளாற் கீறி அடக்கம் செய்யும் குடி தன் குடி என்பது அவன் கூற்று. மறக்குடியின் பெருமிதமாகவே அதனை உரைகாரர் விளக்குவர்; அது தக்கதே. ஆயினும் அப்பெருமிதத்தினுள் வேறொன்றும் உளது. பிண்டத்தை ஆளாக்குவதற்குப் பழந்தமிழ் மறவர் கண்ட வழி, அதற்கு விழுப்புண் தருவது. ஓயேயின் தலைமகன் கண்ட வழியும் அதுவே. ஒருவர் மற்றவரிடம் கற்றார் என்று யாம் கூறவில்லை. இடையே நூற்றாண்டுகள் பலவும் கடலும் கிடக்கின்றன. பிறந்தவுடன் இறப்பதை மாந்தருள் ஒருவராக எண்ணுதற்கு, அது ஒரு போரில் இருந்தது என்று எண்ணுதல் இருநிலத்தார்க்கும் உதவியது என்பதே எம் கருத்து. ஒரு வேறுபாடும் உண்டு. சேரர் குடியில் அப்புண் இறந்த பின் தரப்படுவது. அதனால் எம்முடிவும் மாறாது. ஜப்பானியத் தந்தை காணும் புண்ணோ உயிருள்ள மகவினது. கண்ணீர் உகுத்த அவனே மறுநாள்களில் அதன் சாவை நாடுகின்றான். உவமை ஒன்று தோன்றிவிட்டது என்பதனால் மனம் திருந்திவிட்டதாகக் காட்டும் எளிய வழியை ஓயே கொள்ளாமையே இந்நாவலின் மெய்ம்மைக்குச் சான்று.

இனி, முடிவு செய்யும் காட்சிக்கு வருவோம். இளம் மருத்துவர் ஒருவரிடம் தந்தை தன் விருப்பத்தை நேரே கூறுவதில்லை. அவரும் நேரே கேட்பதில்லை. பாலின் அளவைக் குறைக்கலாம், பாலுக்கு மாறாகச் சர்க்கரை நீர் தரலாம், சில நாள் பார்க்கலாம் என்று பேச்சு நடக்கின்றது. ‘கொல்’ என்னும் வினையும் இல்லை. ‘சாகவிடு’ என்பதும் இல்லை. பாலும் நீரும் அளவும் மட்டுமே பேச்சில் வருகின்றன. தொழில் முதனிலை எட்டனுள் கருவி மட்டும் எஞ்சி, வினைமுதல் மறைந்துவிட்டது. தந்தை கேட்டான் என்று மருத்துவர் கூறலாம். மருத்துவர் செய்தார் என்று தந்தை கூறலாம். ஊட்டும் செவிலிக்கோ ஏவல் ஒன்றே தெரியும். குற்றம் எவர் கையிலும் நில்லாது நழுவுமாறு ஓர் உரையாடலை இத்துணை நுட்பமாக எழுதிய மற்றொரு நூலை யாம் கண்டிலேம்.

சர்க்கரை நீரிலும் குழவி சாகவில்லை. அறுவை மருத்துவத்திற்கு இசைய மறுத்து, கள்ளத்தனமாகத் தொழில் செய்யும் ஒரு மருத்துவனிடம் அதனை ஒப்புவித்துவிடுவதென்று தந்தையும் தோழியும் மகவை எடுத்துச் செல்கின்றனர். மழை பெய்கின்றது; வழி தவறுகின்றது. சாலையில் செத்துக் கிடந்த ஒரு சிட்டுக்குருவியின்மேல் ஏறாதிருக்க வண்டி விலகிச் செல்கின்றது. வண்டியில் இருப்பதோ சாவதற்காகக் கொண்டு செல்லப்படும் மகவு. ஆசிரியர் இதன்மேல் உரை ஒன்றும் எழுதவில்லை. அப்பயணத்தின் போதே மகவுக்குப் பெயரும் அமைகின்றது: கிக்குஹிக்கோ. இளமையில் தன்னை நம்பி வந்த ஒரு நண்பனைப் பறவை நள்ளிரவில் கைவிட்டான். அந்நண்பனின் பெயர் அது. நலிந்தாரைக் கைவிடும் இயல்பினன் நீயோ என்று மனைவி அவனை முன்னரே வினவியிருந்தாள். அவளுக்கு மகவின் உண்மை நிலை மறைக்கப்பட்டிருந்தது. அறியாதிருந்தவளே சரியான வினாவைக் கேட்டாள் என்பது நாவலின் கூரிய இடங்களுள் ஒன்று. ஆயினும் பெற்றவள் கட்டிலில் கிடக்க, அவளை நீக்கிப் பிறர் அனைவரும் முடிவு செய்கின்றனர். இந்நீக்கத்தை ஆசிரியர் கண்டிக்கின்றாரா, அல்லது தம் காலத்து வழக்கமென ஏற்றுக்கொள்கின்றாரா என்பது எமக்கு ஐயமாகவே உள்ளது. அவளுக்கு ஓர் இயலேனும் தந்திருக்கலாம்.

பெயர் தந்த பழைய நண்பனின் மதுக்கடையிலே பறவை மனம் மாறுகின்றான். மகவை மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றான். அறுவையில், அது மூளைப் பிதுக்கமே அன்று, தீங்கற்ற கட்டி என்று தெரிகின்றது, மகவு பிழைக்கின்றது. இம்முடிவை யூக்கியோ மிஷிமா உள்ளிட்டார் கடிந்தனர். இருளிலே நடந்த கதையின் இறுதியில் விளக்கேற்றி வைத்தது போன்றது என்பதே அவர்தம் குறையின் சாரம். இக்குறையை யாம் முற்றும் ஏற்கிலேம். கட்டி என்று தெரியும் முன்னரே பறவை திரும்பிவிட்டான். ஆதலின் அவன் முடிவு பரிசுக்கு விலைபோனதன்று. விலைபோவது படிப்பவன் நெஞ்சம். மகவு உண்மையாகவே மூளையிழந்ததாய் இருந்து, தந்தை அதனை வாழ்நாளெல்லாம் சுமந்திருப்பின், அவன் செய்தது சரியா என்று படிப்பவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள நேர்ந்திருக்கும். கட்டி அக்கேள்வியை எளிதாக்கிவிட்டது. குறை இருப்பது அவ்வளவில்.

அக்குறைக்கும் ஓயேயே விடை எழுதியுள்ளார். நாவல் வெளிவந்த அதே 1964-இன் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட சிறுகதை ‘வானத்துப் பூதம் அகுயீ’. அதன் தலைவன் டி என்னும் இசையமைப்பாளன். அவன் மகவுக்கும் மூளைப் பிதுக்கமென்றே கூறினர், அவனும் மருத்துவரும் கூடிச் சர்க்கரை நீர் மட்டும் தந்தனர், மகவு இறந்தது. பிணத்தை அறுத்துப் பார்த்தபோது அதுவும் தீங்கற்ற கட்டியே. பின்னர் வெண்ணிறப் பருத்தி அங்கி அணிந்து, கங்காருவின் அளவினதாய், அம்மகவு வானத்தினின்று தந்தையிடம் இறங்கி வருகின்றது. அது வாழ்ந்த சில நாளில் ஒலித்த ஒரே ஒலியே அதன் பெயராகின்றது. இரு கதையிலும் நோய் ஒன்று, கட்டி ஒன்று, சர்க்கரை நீரும் ஒன்று. ஆதலின் கட்டியை நாவலின் நல்லூழ் என்று கொள்வது பொருந்தாது. மருத்துவர் இட்ட பெயர் பிழையாயிருந்தது என்பதே இரண்டன் பொதுப்பொருள். முடிவு செய்தோர் எவரும் அறிந்து முடிவு செய்திலர். இரண்டையும் ஒரே நூலின் இரு பகுதியாகப் படித்தல் வேண்டும் என்பது எம் துணிபு. மிஷிமா தேடிய இருள் சிறுகதையில் உளது.

டி என்பானுக்கு நேர்ந்த இழப்பு யாது? மகவை இழந்தது மட்டும் அன்று. அவ்விழப்பைச் சொல்லுதற்குரிய வினையையும் அவன் இழந்தான். ஜப்பானிய மொழியில் ‘சா’ என்னும் வினையையும் செயப்பாட்டுவினை ஆக்கும் வழக்குண்டு. செயப்படுபொருள் குன்றிய வினை செயப்பாட்டு வடிவம் பெறுதல் நமக்கு வியப்பே. ‘மகனால் சாகப்பட்டான்’ என்று சொல்லுக்குச் சொல் ஆக்கின் தமிழில் நகைப்புக்கு இடமாம். பொருளோ ஆழமானது: மகன் இறந்தான், அத்துயர் தந்தைமேல் வந்து விழுந்தது என்பது. தந்தை அங்குத் தாக்குண்டவன். நம் ‘சாகக் கொடுத்தான்’ என்பதிலோ அவன் ஈந்தவன். வடிவம் மாறினும் இரண்டும் ஒரு பணியைச் செய்கின்றன: பழி ஏற்றாது, இறப்பைப் பெற்றோரோடு பிணைக்கின்றன. சர்க்கரை நீர் தந்த டி இவ்விரண்டையும் வழங்கும் தகுதி அற்றவன். வழங்கத் துணியின் பொய்யாகும். ஆகவே இறந்த மகவு இறக்காது வானில் நிற்கின்றது.

இதற்கு மறுதலையான நிலையைக் காட்டுவது இரண்டாம் நூல். ராபர்ட் ஸ்டின்சன், பெக்கி ஸ்டின்சன் என்னும் கணவனும் மனைவியும் எழுதி 1983-இல் வெளியான அதற்கு ‘ஆண்ட்ரூ குழவியின் நெடிய சாவு’ எனப் பெயர் தரலாம். 1976 டிசம்பர் 17-ஆம் நாள், கருவுற்று 24½ வாரமே ஆகிய நிலையில், 800 கிராம் எடையுடன் ஆண்ட்ரூ பிறந்தான். அளவு கடந்த முயற்சிகள் வேண்டா என்று பெற்றோர் கூறினர். ஒரு வாரத்தில் பெருநகர்க் குழந்தை மருத்துவமனைக்கு அவன் மாற்றப்பட்டான். 1977 ஜனவரியில் பெற்றோர் இசைவின்றியே சுவாசக் கருவியில் பிணைக்கப்பட்டான். ஜூன் 14-ஆம் நாள் இறந்தான். காக்க வந்த கருவிகளாலேயே அவன் உடல் பட்ட கேடுகள் பல. அவற்றைப் பெற்றோர் ஒவ்வொன்றாகக் குறித்துள்ளனர். அம்மருத்துவமனைக்கும் மருத்துவர்க்கும் நூலில் மாற்றுப்பெயரே இட்டனர்.

இலக்கிய நயம் கருதி எழுதப்பட்டதன்று இந்நூல். கூறியது கூறல் மிக உண்டு. சினம் நடையைப் பலவிடத்துச் சிதைக்கின்றது. ஆயினும் தந்தையும் தாயும் மாறி மாறி எழுதும் அமைப்பில், ஓயேயிடம் யாம் தேடிக் காணாத தாயின் குரல் கிடைக்கின்றது. நாட்குறிப்பாதலின் எழுதுபவர் மறுநாளை அறியார். நூற்பெயரால் படிப்பவனோ முடிவை அறிவான். இவ்விரு அறிவிற்கும் இடையே உள்ள தொலைவே இந்நூலின் அவலச்சுவைக்கு நிலைக்களன்.

மொழிநிலையில் இந்நூலின் நடுப்பொருள் ஒரு தன்மைப் பன்மை. மருத்துவர்கள் பெற்றோரிடம் பேசுங்கால் தன்மைப் பன்மையிலேயே பேசுகின்றனர். அப்பன்மையில் பெற்றோர் உளரா, இலரா? தமிழில் இவ்வினா எழாது. முன்னிலையாரை நீக்கியது யாம், உளப்படுத்தியது நாம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரு சொல். முடிவு செய்யுமிடத்து அது யாம். மருத்துவச் செலவு கணக்கிடுமிடத்தும் துயர் தாங்குமிடத்தும் நாம். செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. பெற்றோரின் சினம், கூர்ந்து நோக்கின், இம்மயக்கத்தின் மீதே. நூலுக்கு முன்னோடியாக 1979-இல் ஓர் இதழில் எழுதிய கட்டுரையில், மகன் இறுதிநாளைக் குறிக்குமிடத்து வெறுமனே இறந்தான் என்று அவர்கள் எழுதவில்லை. இறப்பதற்கு இசைவு தரப்பெற்றான் என்னும் பொருள்படவே எழுதினர். இசைவு தந்தவர் யார் என்று அத்தொடர் கூறாது. செயப்பாட்டுவினை அவரை மறைத்துக்கொண்டது. ஓயேயின் தந்தை தன்னை மறைக்கச் செயப்பாட்டுவினையை நாடினான். இவர்களோ தம்மைத் தள்ளியவரைச் சுட்டுதற்கு அதனை ஆண்டனர். ஒரே இலக்கண வடிவம் ஓரிடத்துக் கரவாகவும் மற்றோரிடத்துக் குற்றச்சாட்டாகவும் நிற்றல் காண்க. ஸ்டின்சன் இணையருக்கு மறுக்கப்பட்டது மகனைச் சாகக் கொடுக்கும் உரிமை. கொடுக்குமுன் பறிக்கப்பட்டது.

இவ்விரு நூல்களும் தனிமனிதர் இயல்பினால் மட்டும் வேறுபட்டன அல்ல. நாடுதோறும் வினைமுதல் வேறாக அமைவதும் காரணமாம். அமெரிக்காவில் 1982-இல் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டனில் உணவுக்குழல் அடைப்புடனும் டவுன் நோய்க்குறியுடனும் பிறந்த ஒரு குழவிக்குப் பெற்றோர் அறுவையை மறுத்தனர், நீதிமன்றம் தலையிடவில்லை, குழவி ஆறு நாளில் இறந்தது. அதன்பின் நடுவண் அரசு தானே வினைமுதலாக முன்வந்து 1983-இல் விதிகள் செய்தது. 1986-இல் உச்சநீதிமன்றம் அவ்விதிகளைத் தள்ளியது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் பச்சிளங்குழவியர் மருத்துவரிடம் நிகழ்த்தி 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உயிரை முடிக்கும் நோக்குடன் மருந்து செலுத்தியதாகக் கூறியோர் பிரான்சில் நூற்றுக்கு 73, நெதர்லாந்தில் 47. ஏனை நாடுகளில் மிகச் சிலரே. எனினும் இவ்விரு நாட்டினரும் வினையைச் சொல்லும் முறையில் ஒன்றுபட்டிலர். நெதர்லாந்தில் எடுவார்டு ஃபெர்ஹாகன், பீட்டர் சாவர் என்னும் மருத்துவர் இருவர் 2005-இல் வெளியிட்ட குரோனிங்கன் நெறிமுறை, மருத்துவன் தன் செயலை எழுத்தில் வைத்து அரசு வழக்குரைஞருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. யான் செய்தேன் என்று தன்வாயால் கூறும் வினைமுதல் அங்கே உளன். ஏற்கலாம், மறுக்கலாம், மறைவு இல்லை.

பிரான்சிலோ மருத்துவர் குழுவே கூடி முடிவு செய்து, பெற்றோரைச் சுமையினின்று காக்கும் மரபு நெடுநாள் நின்றது. 2005-இல் இயற்றிய சட்டமும் பொருந்தா மருத்துவத்தைத் தொடர்வதை விலக்கி, முடிவைப் பெற்றோர் கருத்தறிந்த மருத்துவர் குழுவிடமே வைத்தது. பிரெஞ்சு, அமெரிக்கத் தாயர் பலரைக் கண்டு கிறிஸ்தினா ஓர்ஃபாலி, எலிசா கார்டன் என்பார் 2004-இல் எழுதிய ஆய்வு, முடிவில் பங்கு பெற்ற அமெரிக்கத் தாயரினும் பங்கு பெறாத பிரெஞ்சுத் தாயர் துயரை எளிதில் ஆற்றினர் என்னும் கருத்தினது. எம் நோக்கில் இது வியப்பன்று. அத்தாயர் சாகவிட்டவர் அல்லர், சாகக் கொடுத்தவர். ஆயினும் இவ்வாய்வைக் கண்டு பிரெஞ்சு மரபை உடனே புகழ முற்படுவாரை ஒன்று கேட்போம். ஓயேயின் நாவலில் கட்டிலிற் கிடந்து ஒன்றும் அறியாதிருந்த மனைவியைச் சுற்றி நின்றோரும், அவளைக் காப்பதாகவே கூறினர் அன்றோ? அவள் அமைதி அறியாமையின் விலை. மக்கள் வழக்கில் ‘சாகக் கொடுத்தேன்’ என்பவள் அறிந்தே கூறுகின்றாள். மடியில் வைத்திருந்து, மூச்சடங்கக் கண்டு கூறுகின்றாள். பிறர் மறைத்துத் தந்த ஆறுதலோடு அதனை ஒன்றாக எண்ணுதல் தகாது.

ஜப்பானில் ஓயேயின் நாவலுக்குப் பின் நிகழ்ந்தன இவ்வாராய்ச்சிக்கு இயைபுடையன. டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்து ஹிரோஷி நிஷிதா 1987-இல் வெளியிட்ட நெறி, குழவியரை நோய்நிலைக்கேற்ப வகைப்படுத்தி, இவ்வகைக்கு இவ்வளவு மருத்துவம் என்று வரையறுத்தது. மீண்டும் பெயரிடுதல், மீண்டும் பெயரிலிருந்து முடிவு. 2004-இல் எழுந்த நெறிமுறையோ அவ்வகைப்பாட்டைக் கைவிட்டது. கடும் நோயுற்ற பச்சிளங்குழவியின் குடும்பத்தாரும் மருத்துவக் குழுவினரும் எவ்வாறு கலந்து பேசவேண்டும் என்பதே அதன் பொருள். எந்நோய்க்கு எம்முடிவு என்று அது கூறாது. குழவியின் நலத்தை முன்வைத்து, பெற்றோர்க்குச் செய்தியை மறையாது கூறிப் பேசுக என்கின்றது. பாலின் அளவைப் பேசி முடிவை மறைத்த அந்த இளம் மருத்துவரும் பறவையும் நடத்திய உரையாடலுக்கு, நாற்பது ஆண்டு கழித்து அந்நாடு எழுதிய மறுபாடம் என்று இதனைக் கொள்ளலாம். நம்மொழியிற் கூறின், யாம் என்பதை நாம் ஆக்கும் முயற்சி. மருத்துவமனைகளில் அது எவ்வளவு கைகூடியது என்பது வேறு ஆய்வு.

நாவலின் இறுதி வரியைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் நோக்குதற்குரிய குறிப்பு ஒன்று உண்டு. பால்கன் நாடொன்றின் தூதரகத்திலிருந்த டெல்செஃப் என்பான், தன் நாட்டு மொழி அகராதி ஒன்றைப் பறவைக்குத் தருகின்றான்; அதில் நம்பிக்கை எனப் பொருள்படும் சொல்லை எழுதித் தந்திருக்கின்றான். மகவுடன் வீடு திரும்பும் பறவை, அவ்வகராதியில் தான் முதலில் தேடவேண்டியது வேறொரு சொல் என்று எண்ணுகின்றான். ஜப்பானியத்தில் அது ‘நின்தாய்’. தாங்கிப் பொறுத்திருத்தல் என்பது பொருள். தமிழில் பெயர்ப்பார் ‘பொறுமை’ என எழுதிச் செல்லக்கூடும்; பிழையன்று. ஆயினும் ‘பொறை’ என்னும் சொல்லையும் எண்ணிப் பார்ப்பாராக. பொறுத்தல், சுமை என்னும் இரு பொருளும் அதற்குண்டு. கருவைச் சுமந்து ஈனுதலைப் பொறையுயிர்த்தல் என்பதும் நம் பழவழக்கு.